பேசாமல் உட்காரும் ஆராதனை

கடலூர் மஞ்சக்குப்பத்தில் லுத்தரன் குடும்பத்தில் வளர்ந்த எனக்கு ஆராதனை என்றால் கீர்த்தனை, பிரசங்கம், காணிக்கை, கடைசியில் போதகரின் ஆசீர்வாதம். இதில் ஒன்றுமே இல்லாமல் ஆராதனை நடக்கும் என்பது மார்ஜரி சைக்ஸ் பற்றிப் படித்தபோதுதான் தெரிந்தது. 1928இல் சென்னை பெண்டிங்க் பள்ளிக்கு ஆசிரியையாக வந்தவர், பிறகு காந்தியின் ஆதாரக் கல்வியில் இறங்கியவர். அவர் ஒரு குவேக்கர், அதாவது மௌனமாகக் கூடி ஆராதிக்கும் வழக்கமுள்ள ஒரு கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்.

நாமும் உட்கார்ந்து பார்க்கலாமே என்று தோன்றியது. பக்கத்தில் போய்வர எனக்கு ஒரு கூட்டமும் தெரியாது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் இருக்கும் பெண்டில் ஹில் என்ற குவேக்கர் மையம் தினமும் அவர்கள் காலை 8.30க்கு இணையத்தில் மௌன ஆராதனை நடத்துகிறது. நமக்கு அது மாலை 6 மணி. நவம்பரில் அவர்கள் கடிகாரத்தை மாற்றியதும் 7 ஆகிவிடும்.

எங்கள் தெருவில் 6 மணி மௌனத்துக்கு ஏற்ற நேரமே இல்லை. பூக்காரம்மா கூவிக்கொண்டு போவார், பக்கத்து வீட்டில் சீரியல் ஓடும். ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் கொசு. ஆரம்பத்தில் இதோடு மல்லுக்கட்டவே நேரம் சரியாக இருந்தது. அப்புறம் விட்டுவிட்டேன், வருகிற சத்தம் வரட்டும் என்று.

தியானம் என்று நினைத்துப் போனால் ஏமாற்றம்தான். மூச்சைக் கவனி, மந்திரம் சொல் என்று யாரும் சொல்வதில்லை. கூடி உட்கார்ந்து காத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். கிறிஸ்துவே ஒவ்வொருவருக்குள்ளும் ஒளியாக இருந்து போதிக்கிறார், நடுவில் குருமார் தேவையில்லை என்று 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஜார்ஜ் ஃபாக்ஸ் சொன்னதிலிருந்து வந்த வழக்கம் இது. "எங்க வடலூர் ஜோதியத்தானே அவங்களும் சொல்றாங்க?" என்றார் எதிர்வீட்டு அக்கா. பாதி சரி. ஞானசபையில் ஏழு திரை விலக்கி ஜோதி காட்டுவார்கள். இவர்களிடம் விளக்கும் இல்லை, திரையும் இல்லை.

யாருக்காவது உள்ளே உந்தினால் பேசலாம். ஒருவர் பேசியதற்கு மற்றவர் பதில் சொல்வதோ வாதாடுவதோ கிடையாது. கொஞ்சம் மௌனம் விட்டுத்தான் அடுத்தவர் வாய் திறப்பார். எனக்குக் கஷ்டமாக இருந்தது இதுதான். ஞாயிறு பள்ளியில் பாடம் எடுத்துப் பழகியவள் நான். யாரோ தன் தோட்டத்தைப் பற்றி ரெண்டு வரி சொன்னால் போதும், பொருத்தமாக ஒரு சங்கீதம் நாக்கு நுனியில் வந்து நிற்கும். அதற்குத்தான் குவேக்கர்கள் சில கேள்விகள் வைத்திருக்கிறார்கள். இது எனக்கு மட்டுமா, எல்லாருக்குமா? இப்போதே சொல்ல வேண்டியதா? நான் கெட்டிக்காரி என்று காட்டவா? கடைசிக் கேள்வியில் என் வசனங்கள் பெரும்பாலும் அடிபட்டுப் போகும்.

ஒரு டிசம்பர் 26 அன்று பேசினேன். காலையில் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போயிருந்தேன். 2004 சுனாமியில் போனவர்களுக்காகக் கடலில் பால் ஊற்றுவார்கள். அலைக்குள் முழங்கால் வரை இறங்கிய ஒரு அம்மா, செம்பைக் கவிழ்த்துக்கொண்டே மகன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், சாப்பிட வரச் சொல்வது மாதிரி. சாயங்காலம் உட்கார்ந்தபோது வசனம் எதுவும் வரவில்லை. அந்தக் குரல் மட்டும் போகவே இல்லை. மைக்கைத் திறந்து, தெரிந்த இங்கிலீஷில் கண்டதைச் சொல்லிவிட்டு மூடினேன். விளக்கம் சேர்க்கவில்லை. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நம் ஊரில் என்றால் வாசலிலேயே நாலு பேர் "நல்லா பேசினம்மா" என்றிருப்பார்கள். அது இல்லாதது எவ்வளவு நிம்மதி!

அம்மாவுக்குத்தான் இன்னும் திருப்தியில்லை. ஆமென் சொல்லாமல் கையாட்டிவிட்டு முடிப்பது ஒரு ஜெபமா என்கிறார்.

குவேக்கராக முறைப்படி சேர விரும்பினால், பொதுவாக ஒரு குவேக்கர் கூட்டத்துக்குக் கடிதம் எழுத வேண்டும். ரெண்டு பேர் வந்து ஆற அமரப் பேசுவார்கள். அப்புறம் கூட்டம் கூடி, வாக்கெடுப்பு இல்லாமல், ஒருமித்து முடிவெடுக்கும். சேராமலேயே வருஷக்கணக்கில் வந்து போகிறவர்களும் உண்டு. இப்போதைக்கு நான் அந்தக் கணக்கில் இருக்கிறேன்.