எந்த ‘அக்கவுன்ட்ஸ்-பிசி’?

சில ஆண்டுகளுக்கு முன், வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யக் கடைசி நாளான ஜூலை 31 அன்று, பிற்பகல் மூன்று மணியளவில், பல நிறுவனங்களின் கணினிகளைக் கண்காணித்துப் பாதுகாக்கும் நாங்கள், ஓர் ஆடிட்டர் அலுவலகத்தின் கணினியை நெட்வொர்க்கிலிருந்து துண்டித்துவிட்டோம். அந்தக் கணினியில் எந்தக் கோளாறும் இல்லை. தீம்பொருள் புகுந்திருந்தது வேறொரு வாடிக்கையாளரான நூற்பாலையின் கணக்குப் பிரிவில். “சார், இன்னைக்குப் பார்த்தா இப்படிப் பண்ணுவீங்க?” என்று ஆடிட்டர் தொலைபேசியில் கேட்டபோதுதான் எங்களுக்கு உறைத்தது; அதற்குள் நாற்பது நிமிடங்கள் கடந்திருந்தன.

ஆன்டிவைரஸ் மென்பொருளிலிருந்து எங்கள் பொது மின்னஞ்சல் பெட்டிக்கு வந்த அந்த எச்சரிக்கையில் பயன்படக்கூடிய தகவல்கள் இரண்டே இருந்தன: கணினியின் பெயர் ‘அக்கவுன்ட்ஸ்-பிசி’, ஐபி முகவரி 192.168.1.25. பணியில் இருந்த இளைஞர், எல்லா வாடிக்கையாளர்களின் கணினிகளையும் காட்டும் டேஷ்போர்டில் அப்பெயரைத் தேடி, வந்த மூன்று விடைகளில் முதலாவதைத் தேர்ந்தெடுத்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஏனெனில் அந்தப் பெயர்களை வைத்தவர்கள் நாங்கள்தான். ஐபி முகவரியும் கைகொடுத்திருக்காது. 192.168 என்று தொடங்கும் முகவரிகளை யார் வேண்டுமானாலும் தம் உள் நெட்வொர்க்கில் வைத்துக்கொள்ளலாம் என்று 1996-இல் வெளியான ஆர்எஃப்சி 1918 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் வகுத்திருக்கிறது. ரவுட்டர்கள் பலவும் கடையிலிருந்து வரும்போதே அந்த வரிசையோடுதான் வருகின்றன. நாற்பது வாடிக்கையாளர்களை ஒரே திரையில் பார்ப்பவருக்கு அது ஊர்ப் பெயர் இல்லாத கதவு எண்.

எச்சரிக்கை வந்த பிறகு அது யாருடையது என்று துப்பறிவது எங்கள் வேலையாக இருக்கக் கூடாது என்பதே அன்று முதல் என் கட்சி. புறப்படும் இடத்திலேயே அதன்மேல் வாடிக்கையாளரின் முத்திரை விழுந்திருக்க வேண்டும். மின்னஞ்சலைப் பொறுத்தவரை இதற்குச் செலவே இல்லை: எங்கள் முகவரியில் அட் குறிக்கு முன்னால் ஒரு கூட்டல் குறியும் வாடிக்கையாளரின் குறியீடும் சேர்த்து, ஒவ்வொரு இடத்திலும் தனித்தனி முகவரியைக் கொடுத்துவிட்டோம், எல்லாம் ஒரே பெட்டிக்குத்தான் வருகின்றன, ஆனால் பெறுநர் முகவரியைப் பார்த்தே டிக்கெட், அதாவது நாங்கள் கவனிக்க வேண்டிய சிக்கலின் பதிவு, உரியவர் பெயரில் பதிவாகிறது. கணினிகளில் நாங்கள் நிறுவும் ஏஜென்ட் என்ற கண்காணிப்பு மென்பொருளுக்கும், அது யாருடைய கணினி என்று காட்ட, வாடிக்கையாளருக்கொரு சாவி உண்டு. ஒரு கணினியைத் தயார் செய்து அதன் வட்டை அப்படியே வேறு கணினிகளுக்கு நகலெடுப்பவர்கள், நகலெடுப்பதற்கு முன் ஏஜென்டை நீக்க மறந்தால் மட்டும் இந்த ஏற்பாடு குலைகிறது: இரண்டு கணினிகள் ஒரே அடையாளத்தோடு மாறி மாறித் தோன்றும்.

மின்னஞ்சல், டீம்ஸ் போன்றவை அடங்கிய மைக்ரோசாஃப்ட் 365 சேவையின் எச்சரிக்கைகளில் சிக்கல் வேறு விதமானது. அங்கே ஒவ்வொரு நிறுவனத்துக்கும் டெனன்ட் என்ற தனிப் பகுதியும், அதற்கு டெனன்ட் ஐடி என்ற 36 எழுத்துகள் கொண்ட நீண்ட அடையாளமும் இருப்பதால் குழப்பத்துக்கே இடமில்லை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆனால் அதே நூற்பாலை, அதே ஆடிட்டரைத் தன் டீம்ஸ் குழுவில் விருந்தினராகச் சேர்த்திருந்தது. ஒருநாள் அவருடைய கணக்கில் ஐயத்துக்குரிய உள்நுழைவு என்று நூற்பாலையின் டெனன்டிலிருந்து எச்சரிக்கை வந்தது. பயனர் பெயரின் நடுவே, வெளியாள் என்று காட்டும் ‘எக்ஸ்ட்’ என்ற குறி இருப்பதைக் கவனிக்காதவர் நூற்பாலைக்குத் தகவல் சொல்லிவிட்டுப் படுத்துவிடுவார். கடவுச்சொல்லை மாற்ற வேண்டியதோ ஆடிட்டரின் டெனன்டில். எனவே எங்கள் டிக்கெட்டில் இப்போது இரண்டு கட்டங்கள் இருக்கின்றன: சம்பவம் எங்கே பதிவானது, கணக்கு யாருடையது. இரண்டும் வேறாக இருந்தால் இரு தரப்பையும் அழைக்கிறோம், ஆனால் ஒருவரின் விவரத்தை மற்றவருக்குத் தேவைக்கு மேல் சொல்வதில்லை.

நேரக் குழப்பமும் உண்டு. பல லாகுகள், அதாவது கணினிகளின் நிகழ்வுப் பதிவுகள், யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் வரும். நமக்கும் அதற்கும் ஐந்தரை மணி நேர இடைவெளி. ஓர் ஐபி முகவரி எந்தக் கணினியிடம் இருந்தது என்று, முகவரிகளைக் கருவிகளுக்குப் பகிர்ந்தளிக்கும் டிஹெச்சிபியின் பதிவில் தேடும்போது இதைக் கூட்ட மறந்தால், காலையில் அந்த முகவரியை வைத்திருந்த மடிக்கணினிக்குப் பதிலாக, நள்ளிரவில் அதை வைத்திருந்த வேறேதோ கருவியைப் பிடித்து வைத்திருப்போம். இணையப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனித்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் பிறப்பித்த உத்தரவு நடைமுறையில் இருக்கும்போது, ஆளைத் தேடுவதில் போகும் ஒவ்வொரு நிமிடமும் அந்தக் கணக்கிலிருந்தே கழிகிறது.

டேஷ்போர்டில் ‘ஒதுக்கப்படாதவை’ என்று ஒரு குழு உண்டு; சாவி இல்லாமல் நிறுவப்பட்ட கணினிகள் அதில் வந்து சேரும். திங்கட்கிழமை காலையில் காபிக்கு முன் அதைக் காலி செய்வது என் வழக்கம். இந்த வாரம் அதில் இரண்டு இருந்தன. ஒன்று பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் புதிதாக வைத்த கணினி. மற்றொன்றின் பெயர், மறுபடியும், ‘அக்கவுன்ட்ஸ்-பிசி’. பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவராக அழைத்துக்கொண்டிருக்கிறேன்.