21 நாள் கணக்கு

ஜூன் 4, 2024, செவ்வாய்

விடியற்காலை நான்கு மணிக்கே தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து இறங்கி, ஹட்டனில் கண்டி பஸ் ஏறினோம். கினிகத்தேனை வளைவுகளில் அம்மா கண்ணைத் திறக்கவே இல்லை.

அம்மாவுக்கு நிணநீர்ப் புற்றுநோய். இன்று கீமோதெரபி தொடக்கம். ஊசியாக மூன்று மருந்துகள்: சைக்ளோபொஸ்பமைட், டொக்சோருபிசின், வின்கிரிஸ்டின். கூடவே ஐந்து நாட்களுக்குப் பிரெட்னிசொலோன் மாத்திரை. 21 நாட்களுக்கு ஒரு முறை, மொத்தம் ஆறு முறை.

வாந்தியை அடக்கும் ஊசி முதலில். பிறகு சேலைன் ஓடிக்கொண்டிருக்க, டொக்சோருபிசினைத் தாதி மிஸ்ஸி மெல்ல மெல்ல ஏற்றினார். சர்பத் போல் சிவப்பு. "இரத்தக் குழாய்க்கு வெளியே கசிந்தால் சதை புண்ணாகிவிடும். கொஞ்சம் எரிந்தாலும் சொல்லிவிடுங்கள் அம்மா" என்றார். அம்மா அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அம்மாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 6, வியாழன்

லயத்தில் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "கரண்ட் வைத்தார்களா?" கரண்ட் என்பது கதிர்வீச்சு, அது நோய் இருக்கும் இடத்தில் மட்டும் படுவது. இது இரத்தத்தோடு உடம்பெல்லாம் சுற்றும் மருந்து என்று ஒவ்வொரு வாசலிலும் சொல்கிறேன்.

அம்மாவுக்கு நேற்றிரவுதான் விளக்கினேன். இந்த மருந்துக்கு நோய் எது, நீங்கள் எது என்று தெரியாது. வேகமாகப் பெருகும் உயிரணுக்களை அது அடிக்கிறது. புற்று அப்படிப் பெருகுகிறது. மயிர்க்கால், வாயின் உட்பக்கம், குடல், இரத்தம் ஊறும் எலும்பு மச்சை எல்லாம் அப்படித்தான். நல்லவை மீண்டு வரவே இடையில் இத்தனை நாட்கள். கேட்டுவிட்டு, "கவ்வாத்து வெட்டிய மலையில் துளிர் வரும்வரை கை வைக்கமாட்டோமே, அதுபோலவா?" என்றார். அதேதான்.

முதல் நாள் சிறுநீர் சிவந்திருந்தது. அது இரத்தம் அல்ல, மருந்தின் நிறம். இரண்டு நாட்களுக்குச் சிறுநீரிலும் வாந்தியிலும் மருந்து வெளியேறும் என்பதால் கையுறை போட்டே துணி துவைக்கிறேன். கழிவறையோ நான்கு குடும்பங்களுக்கும் பொது. அம்மா போய்வரும் ஒவ்வொரு முறையும் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றுகிறேன். குழாயடியில் கொஞ்சம் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும், அவர்கள் பிள்ளைகளுக்காகவும்தான் ஊற்றுகிறேன்.

ஜூன் 15, சனி

வாட்டில் இருந்து எழுதுகிறேன். நேற்றிரவு அம்மாவுக்கு நடுக்கம். வெப்பமானியில் 100.8. பக்கத்துக் காம்பராப் பெரியம்மா பாசத்தோடு இரண்டு பனடோல் கொண்டுவந்தார். நான் வாங்கவில்லை. ஊசி போட்டு ஏழிலிருந்து பதினான்கு நாட்களுக்குள் கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். நேற்று பதினோராம் நாள். அந்த நேரத்தில் 100.4க்கு மேல் காய்ச்சல் போனால் விடியும்வரை காத்திருக்கக்கூடாது. பனடோல் காய்ச்சலை மறைத்துவிடும்; கிருமியோ உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும்.

மழையிலும் பனிமூட்டத்திலும் முச்சக்கரவண்டி ஊர்ந்துதான் வந்தது. கிளினிக் கொப்பியைக் காட்டியதும் வரிசையில் நிறுத்தாமல் உள்ளே எடுத்து, அன்டிபயோட்டிக் ஏற்றினார்கள். இப்போது தூங்குகிறார். பெரியம்மாவிடம் கடுமையாகப் பேசிவிட்டேன். வீட்டுக்குப் போனதும் முதலில் அவரைப் பார்க்க வேண்டும்.

ஜூன் 23, ஞாயிறு

தலைமுடி கொத்துக் கொத்தாக வந்துவிட்டது. அம்மாவே மழித்துவிடச் சொன்னார்.

வின்கிரிஸ்டின் நம் வாசலில் பூக்கும் பட்டிப்பூவிலிருந்து வந்தது என்று நான் சொல்லி வைத்ததே வினையானது. இன்று பெரியம்மா அந்த இலையை அவித்து, ஒரு கோப்பை நிறையக் கொண்டுவந்துவிட்டார். நல்லவேளை, நான் வீட்டில் இருந்தேன். இம்முறை கோபப்படாமல், பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். ஜமெய்க்காவில் நீரிழிவுக்கு இந்த இலையைக் கொதிக்கவைத்துக் குடிப்பார்கள். கனடாவில் ரொபர்ட் நோபிள், சார்ள்ஸ் பியர் என்ற ஆராய்ச்சியாளர்கள் அதைச் சோதித்தபோது, சர்க்கரை குறையவில்லை. எலிகளின் வெள்ளை அணுக்கள்தான் குறைந்தன. அதைத் தொடர்ந்து 1958இல் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து கிடைத்தது. வின்கிரிஸ்டினும் அதே செடியில் பிறகு கிடைத்ததுதான். அம்மாவுக்கு ஒரு முறைக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் கொடுக்கமாட்டார்கள். இலையில் எவ்வளவு இருக்கிறது என்று யார் அளப்பது? அது நஞ்சு, பெரியம்மா.

அவர் கோப்பையை எடுத்துப்போய்க் கானில் ஊற்றினார்.

ஜூலை 16, செவ்வாய்

இரண்டாம் முறை, வெள்ளை அணுவைக் கூட்டும் ஊசியின் துணையோடு காய்ச்சல் இல்லாமல் கடந்தது. இன்று மூன்றாம் முறை.

புறப்படும்போது சேலையில் ஊக்குக் குத்த அம்மாவால் முடியவில்லை. மூன்று தடவை நழுவியது. நான்காம் தடவை ஊசிமுனை பெருவிரலில் ஏறி இரத்தம் கசிந்தது. அதுவும் அவருக்குத் தெரியவில்லை. முப்பத்தொரு வருடம் பார்க்காமலேயே கொழுந்தையும் கரட்டிலையையும் பிரித்தறிந்த விரல்கள். எத்தனை நாட்களாக மரத்திருக்கின்றன என்று கேட்டேன். "டொக்டரிடம் சொல்லாதே. மருந்தை நிறுத்திவிடுவார்கள்" என்றார்.

சொன்னேன். வின்கிரிஸ்டின் நரம்பைத் தொடும் மருந்து. சொல்லாவிட்டால் அந்த மரப்பு நிரந்தரமாகவும் தங்கிவிடலாம். டொக்டர் அம்மாவை ஒரு பட்டனைப் போட்டுக் காட்டச் சொன்னார். பார்த்துவிட்டு அந்த ஒரு மருந்தின் அளவை மட்டும் குறைத்தார். மற்றவை அப்படியே.

கம்பளை வரும்வரை அம்மா என்னுடன் பேசவில்லை. அங்கே பஸ் நின்றபோது, ஜன்னல் பக்கம் திரும்பியபடியே அவித்த சோளம் கேட்டார். சூடாக இருக்கிறதா என்று பார்த்து, இரண்டு வாங்கினேன்.