விடுதிக் காப்பாளருக்கும் சைகை மொழி தெரிய வேண்டும்

காது கேளாத குழந்தைகளுக்கான அரசு உறைவிடப் பள்ளியை மதிப்பிட, வகுப்பறையைவிட விடுதியைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பகலில் ஆசிரியர் சைகையில் அருமையாகப் பாடம் நடத்தினாலும், மாலைக்குப் பிறகு உடனிருக்கும் காப்பாளருக்கும் சமையலருக்கும் இரவுக் காவலருக்கும் அந்த மொழி தெரியாவிட்டால், வயிறு வலிக்கிறது என்று சொல்லக்கூட அக்குழந்தைக்கு ஆளில்லாமல் போகிறது.

தீ எச்சரிக்கைக்கு மணி மட்டும் போதாது. பளிச்சிடும் விளக்கும், தலையணைக்கு அடியில் அதிரும் கருவியும் வேண்டும். குழந்தையின் காது வளர வளர, செவித்துணைக் கருவியின் காது அச்சு (காதுக்குள் பொருந்தும் பகுதி) தளர்ந்து கீச்சிடத் தொடங்கும் என்பதால், புதிய அச்சுக்கும் பேட்டரிக்கும் தொடர்ந்து நிதி ஒதுக்கியே ஆக வேண்டும். கருவியைக் கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று நிர்வாகம் கருதுவது பெரும்பிழை.

1880-இல் காது கேளாதோர் கல்வி குறித்து இத்தாலியின் மிலானில் நடந்த பன்னாட்டு மாநாடு, சைகையைத் தவிர்த்துப் பேச்சின் வழியே கற்பிக்கும் பேச்சுவழிக் கல்வியையே உயர்த்திப் பிடித்ததன் விளைவாக, பல நாடுகளில் வகுப்பறைகளிலிருந்து சைகை மொழி விலக்கப்பட்டது, காது கேளாத ஆசிரியர்கள் பலர் வேலையிழந்தனர். 2010-இல் கனடாவின் வான்கூவரில் நடந்த அதே தொடர் மாநாட்டில்தான் அத்தீர்மானங்கள் நிராகரிக்கப்பட்டன. வீட்டில் சைகை அறிந்தவர் எவருமின்றி வரும் குழந்தை, தன்னைப் போன்ற பெரியவர் ஒருவரைப் பெரும்பாலும் இத்தகைய உறைவிடப் பள்ளியில்தான் முதன்முதலில் காண்கிறது. எனவே ஆசிரியர் பணியிடங்களில் மட்டுமன்றி விடுதிப் பொறுப்புகளிலும் காது கேளாதவர்களுக்கு முன்னுரிமை அளித்து நியமிக்க வேண்டும்.