கழுத்து வெட்டும் கைக்குழித் துண்டும்

ஒரு ரவிக்கையை வெட்டி முடித்ததும் தையற்காரரின் மேசையில் என்னென்ன மிஞ்சும் என்பதைத் தையல் பழகிய எவரும் பார்க்காமலே சொல்லிவிடலாம். முன்கழுத்திலிருந்து விழும் பிறைத் துண்டு, பின்கழுத்திலிருந்து விழும் சற்றுப் பெரிய அரைவட்டம், கைக்குழியை ஒட்டி வரும் வளைந்த சில்லுகள், கரையோரமாகக் கழிந்து விழும் நீள நாடா, பெரும்பாலும் இவ்வளவுதான். சதுரமான துண்டு கிடைப்பது அரிது. சதுரமாக மிஞ்சினால் தையற்காரர் அதைக் குப்பைக்கு விடமாட்டார், பட்டிக்கென்று எடுத்து வைத்துக்கொள்வார். ஆகவே நம் புதுச்சேரியில் மிச்சத் துணியை ஒட்டித் தைத்துக் கலைப்போர்வை, அதாவது குயில்ட், செய்யப் புகுபவர் முதலில் வளைவோடு பழகியாக வேண்டும். நான் பிரான்சுக்கு வந்த பிறகு பார்த்த கைவேலைப் புத்தகங்கள் அநேகமாகச் சதுரத்திலிருந்தும் முக்கோணத்திலிருந்தும் தொடங்கின. நம் பள்ளித் தையல் டீச்சரோ பிறைத் துண்டிலிருந்து தொடங்கினார்.

பள்ளியில் கற்றவற்றுள் இன்றும் கைவிடாத ஒன்றைப் பற்றி எழுதும்படி நம் பள்ளி முன்னாள் மாணவர் சங்கத்தின் மலர்க் குழுவினர் கேட்டபோது நான் அதிகம் யோசிக்கவில்லை. கணக்கு போயிற்று, பூகோளம் பாதி போயிற்று, பிரெஞ்சு மட்டும் இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்ததால் பிழைத்துக்கொண்டது. தையல் வகுப்பில் கற்றது கையிலேயே நின்றுவிட்டது. டீச்சரின் பெயரை நான் எழுதத் தேவையில்லை. 1970களின் பிற்பகுதியில் நம் பள்ளியில் படித்தவர்களுக்குத் தையல் டீச்சர் என்றால் அவர் ஒருவர்தான்.

பாடத்திட்டப்படி எங்களுக்கு வர வேண்டியவை ஓட்டுத் தையல், பின் தையல், சங்கிலித் தையல், காஜா, ஒரு தலையணை உறை, ஒரு குழந்தைச் சட்டை ஆகியவை. அவற்றை அரையாண்டுத் தேர்வுக்குள் முடித்துவிட்டு, பெரிய மார்க்கெட்டை ஒட்டிய தையற்கடைகளிலிருந்து சாக்கில் கட்டி வந்த வெட்டுத்துணியை அவர் வகுப்பறைத் தரையில் கொட்டுவார். அக்காலத்தில் ரவிக்கை என்றால் டூ பை டூ என்னும் மெல்லிய பருத்தித் துணிதான். புடவைக்கு ஏற்ற நிறம் தேடி வருபவர்களுக்காகவே கடைகளில் அதை அடுக்கடுக்காக வைத்திருப்பார்கள் என்பதால், அந்தச் சாக்கில் மஞ்சள் ஒன்றிலேயே எலுமிச்சை, மாம்பழம், சந்தனம், குங்குமப்பூ என்று பிரித்து மாளாத வகைகள் இருக்கும். பாலியெஸ்டர் சேர்ந்த டெரிகாட்டன் துண்டும் கலந்து வரும். அதை முதலிலேயே பொறுக்கி ஒதுக்கிவிட வேண்டும், ஏனென்றால் பருத்திக்குத் தேவையான சூட்டை அது தாங்காது, மடித்த மடிப்பிலும் நிற்காது.

நிறவாரியாகப் பிரிக்கத்தான் எங்களுக்கு ஆசை. அவர் விடமாட்டார். ஜன்னல் கதவுகளைச் சாத்தி அறையை மங்கலாக்கிவிட்டு, வெளுப்பு, நடு, கறுப்பு என்று மூன்று குவியலாகப் பிரிக்கச் சொல்வார். அந்த மங்கலில் நிறம் பின்வாங்கிவிடும். ஒரு துண்டு எவ்வளவு வெளிறியது, எவ்வளவு ஆழ்ந்தது என்பது மட்டுமே கண்ணுக்கு எட்டும். சற்று முன் ஒன்றோடொன்று சண்டையிடுவதாகத் தோன்றிய பச்சையும் ஊதாவும் ஒரே குவியலுக்குப் போகும். ஒரே குடும்பம் என்று நாங்கள் நம்பிய இரண்டு நீலங்கள் வேறு வேறு குவியலுக்குப் போகும். மங்கிய வெளிச்சத்தில் சிவப்பு தன் அளவுக்கு மேல் கறுத்துத் தெரியும் என்பதால், சிவப்புத் துண்டுகளை மட்டும் கடைசியில் ஜன்னலைத் திறந்து மறுபடி பார்க்க வேண்டும் என்பது அவருடைய விதி. இன்று இதையே கைப்பேசியில் கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்துச் சரிபார்க்கிறார்கள். நானும் எடுக்கிறேன். ஆனாலும் ஜன்னலைச் சாத்திப் பார்த்த பிறகுதான் எனக்குத் திருப்தி வருகிறது.

இந்த விதியின் காரணத்தை அவர் வகுப்பில் விளக்கவில்லை, வில்லியனூர்த் தேரில் காட்டினார். தேரைச் சுற்றி உருளை வடிவில் தொங்கும் துணி அலங்காரமான தொம்பைகளும் துணியை வெட்டி ஒட்டித் தைத்த வேலைதான். தெருக்கோடியில் நிற்பவருக்கும் பூவும் யாளியும் துலங்க வேண்டும் என்பதற்காக, அவற்றில் கறுத்த துணியின் மேல் வெளிறிய துணியும் வெளிறியதன் மேல் கறுத்ததுமாக வைத்துத் தைத்திருப்பார்கள். நுணுக்கமான நிறச் சேர்க்கைகளுக்கு அங்கே வேலை இல்லை. கூட்டம் வடத்தைப் பிடிக்கக் காத்திருந்த நேரத்தில் டீச்சர் எங்களைத் தேருக்கு அருகிலும் பின்பு தொலைவிலும் நிறுத்தி, எது தெரிகிறது, எது மறைந்துவிட்டது என்று கேட்டார். கலைப்போர்வைக்கும் இதே நியாயம்தான். உடலில் போர்த்திக்கொள்ளும் துணியை ஒரு முழத் தூரத்தில் பார்க்கிறோம், சுவரில் தொங்குவதை அறையின் மறுகோடியிலிருந்து பார்க்கிறோம்.

அடுத்தது நூலோட்டம். துணியைப் பாவின் திசையில் இழுத்தால் அசையாது, ஊடையின் திசையில் சிறிது கொடுக்கும், மூலைவாட்டில் இழுத்தாலோ ஜவ்வாக நீளும். பிறைத் துண்டின் வளைவு இந்த மூன்று திசைகளையும் கடந்து செல்வதால், அதை அப்படியே மற்றொரு துண்டோடு இணைத்தால் ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் அலையாகவும் எழும்பி நிற்கும். அதற்கு டீச்சர் கண்ட வழி அடித்துணி. துவைத்துத் துவைத்து மெலிந்த பழைய வேட்டியைச் சதுரமாகக் கிழித்து, அதன்மேல் முதல் பிறையை விரித்து, நகத்தால் அழுத்திக் காற்றில்லாமல் செய்து, பெரிய பெரிய தையலாக ஓட்டிக்கொள்வோம். அடுத்த துண்டின் ஓரத்தை கால் அங்குலம் உள்மடித்து முதல் துண்டின் மேல் ஏற்றி, மடிப்பு விளிம்பிலேயே கண்ணுக்குத் தெரியாத தையல் போடுவோம். வளைவில் மடிப்பு முரண்டு பிடிக்கும் இடத்தில் கத்தரி நுனியால் சிறு வெட்டுகள் கொடுக்க வேண்டும். வெட்டு மடிப்புக்கோட்டைத் தொட்டுவிட்டால் நூல் பிரியும், தொடாமல் வெகுதூரம் நின்றுவிட்டால் வளைவு மூலை மூலையாக உடையும். ஒரு நூல் அகலத்துக்கு முன்னால் நிறுத்து என்பார். ஊசி நுனியால் மடிப்பை உள்ளே தள்ளிக்கொண்டே போகும்போது துணி இணங்கிவரும் அந்தக் கணத்தை விரல்தான் முதலில் அறியும், கண்ணுக்கு அது பிறகே தெரியும்.

குயில்ட் என்று உலகம் அழைப்பது மூன்று அடுக்குச் சமாச்சாரம்: மேலே வேலைப்பாடு, நடுவில் பஞ்சுப் படலம், கீழே முதுகுத்துணி, மூன்றையும் ஊடுருவிப் பிடிக்கும் ஓட்டுத் தையல். புதுச்சேரி வெயிலுக்குப் பஞ்சுப் படலம் எதற்கு? இலவம்பஞ்சை நடுவில் வைக்கலாமே என்று சில மாணவிகள் முயன்றதுண்டு. அந்த இழை வழவழப்பானது, ஒன்றையொன்று பற்றிக்கொள்ளாது, தொங்கவிட்டதும் அடியில் போய் மூட்டையாகத் தங்கிவிடும். ஆகவே நடுவடுக்குக்கும் பழைய வேட்டியே. முதுகுக்கு, ரோடியர் மில்லில் தறிப் பிரிவில் வேலை பார்த்த என் தந்தையார் கொண்டுவந்த, வெளுக்காத காடாத்துணி வகுப்பு முழுவதற்கும் போதுமானதாக இருந்தது.

மில்லைப் பற்றிச் சொல்லாமல் புதுச்சேரித் துணியைப் பற்றி எழுத முடியாது. நம் ஊருக்குக் கப்பல்கள் வந்ததே துணிக்காகத்தான். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பிலும் சரக்கு என்று பேசப்படுவதில் துணிக்குப் பெரிய இடம் உண்டு. அவுரிச் சாயம் ஏற்றிய நீலப் பருத்தித் துணி கினியாத் துணி என்ற பெயரில் நம் கரையிலிருந்து பிரான்சு வழியாகச் செனகலுக்குப் போய், அங்கே பிசின் வாங்குவதற்குப் பணம்போலவே புழங்கியது. அந்த வரலாறு பள்ளிப் புத்தகத்தில் இல்லை. பாரிசில் எனக்குப் பக்கத்து வீட்டுச் செனகல் அம்மையார், என் கையில் இருந்த நீலத் துண்டைத் தடவிப் பார்த்துத் தம் பாட்டி வீட்டுத் துணியைப் பற்றிப் பேசத் தொடங்கிய பிறகே தேடிப் படித்தேன். 1936 ஜூலை 30 அன்று புதுச்சேரி சவானா பஞ்சாலைத் தொழிலாளர்மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 12 பேர் இறந்ததையும், மறு ஆண்டில் எட்டு மணி நேர வேலை சட்டமானதையும் வைத்து நான் செய்த சுவர்த்திரைக்கு இந்த நீலத்தையும் காடாவையும் மட்டுமே எடுத்துக்கொண்டேன். பன்னிரண்டு இடங்களில் மேல்துணியை வெட்டித் திறந்து, அடியிலிருக்கும் காடா தெரியுமாறு விளிம்பை மடித்துத் தைத்தேன். சிவப்பு வைக்கவில்லை என்று சிலர் குறைப்பட்டார்கள். வைத்திருந்தால் அது சுவரொட்டியாகப் போயிருக்கும். அந்தக் காடாவை நெய்த ரோடியர் மில், பிற்காலத்தில் ஏ.எஃப்.டி. என்று எல்லோரும் அறிந்தது, 2020இல் மூடப்பட்டுவிட்டது.

பிரான்சுக்கும் நம் கரைத் துணிக்கும் இருந்த உறவு விசித்திரமானது. இந்திய அச்சுத் துணியின் மேல் இங்குள்ளவர்களுக்கு இருந்த மோகத்தால் உள்நாட்டு நெசவு நலியும் என்று அஞ்சி, 1686இல் அரசு அதைத் தடை செய்தது; தடை 1759 வரை நீடித்தது. அப்போது பிரான்சோடு சேராமல் தனிக் குடியரசாக இருந்த முல்ஹவுஸ் நகரில் 1746இல் துணி அச்சடிக்கத் தொடங்கியதும், இன்று அங்கே அச்சுத் துணிக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருப்பதும் அந்தக் கதையின் கிளைகள். அச்சுத் துணியிலிருந்து பூவையும் பறவையையும் தனியே வெட்டியெடுத்து வெற்றுத்துணிமேல் வைத்துத் தைக்கும் முறை ஐரோப்பாவில் பரவியதற்கும் காரணம், நம் பக்கத்துத் துணி எளிதில் கிடைக்காத விலையுயர்ந்த பொருளாக இருந்ததுதான். ஒரு சாண் துண்டைக்கூட எறிய மனம் வராது.

முல்ஹவுஸ் இருக்கும் அதே அல்சாஸ் பகுதியில் செயிண்ட் மரி ஓ மீன் என்னும் சிற்றூரிலும் அதைச் சூழ்ந்த பள்ளத்தாக்கிலும் 1995 முதல் செப்டம்பர்தோறும் ஒட்டுத்துணிக் கலைக்கான ஐரோப்பியச் சந்திப்பு நடைபெறுகிறது. அமிஷ் மக்களின் கிறிஸ்தவச் சமயப் பிரிவு 1693இல் தோன்றியது இந்தப் பள்ளத்தாக்கோடு தொடர்புடையது. அவர்கள் போர்வைக் கலையைக் கற்றது பல தலைமுறைக்குப் பின் அமெரிக்காவில் என்றாலும், ஊர்க்காரர்கள் அந்த உறவை விடாமல் கொண்டாடுகிறார்கள். கோயில்களிலும் மண்டபங்களிலும் தொங்கவிட்டிருக்கும் வேலைகளைப் பார்க்கக் கண் போதாது. கடைவீதியைப் பற்றித்தான் எனக்கு மனத்தாங்கல். அரை மீட்டருக்கு அரை மீட்டர் அளவில் புதுத் துணியை வெட்டி, நிறம் பொருத்தி, நாடா கட்டி விற்கிறார்கள். அதை வாங்கிப்போய்ச் சிறு சிறு சதுரமாக வெட்டி மறுபடி ஒட்டுகிறார்கள். அதில் அழகு இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டிய கட்டாயம் அந்த வேலையில் இல்லை. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் ஜீஸ் பெண்ட் பெண்கள், வயற்காட்டு வேலைக்கு உடுத்திக் கிழிந்த ஆடைகளிலும், சியர்ஸ் நிறுவனத்துக்குத் தலையணை உறை தைத்து மிஞ்சிய கார்டுராய் வரித்துணியிலும் செய்த போர்வைகள் 2002இல் ஹூஸ்டன், நியூயார்க் அருங்காட்சியகங்களில் தொங்கின. அவற்றின் கோணல் வேண்டுமென்று வைத்த அலங்காரம் அன்று, துண்டு எதுவரை வந்ததோ அதுவரை வந்து நின்ற கோணல். கர்நாடகத்தில் வாழும் ஆப்பிரிக்க வழிவந்த சித்திப் பெண்கள் செய்யும் கவந்தி என்னும் ஒட்டுப்போர்வையில் ஓரத்திலிருந்து தொடங்கி நடுவை நோக்கித் தைத்துக்கொண்டு வருவார்கள். வரைபடம் கிடையாது, கையில் அகப்படும் அடுத்த துண்டே அடுத்த முடிவு. நான்கு மூலையிலும் மடித்த துணியால் பூ வைக்காவிட்டால் அவர்களுக்கு வேலை முடிந்ததாகாது. எங்கள் டீச்சருக்கு இவர்களில் எவரையும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

பாரிசில் மொமார்த்ருக் குன்றடியில் உள்ள துணிக்கடைத் தெருக்களில் மிச்சத் துணியைக் கூப்போன் என்று துண்டு கணக்கில் விற்பார்கள். மலிவுதான், ஆனால் துண்டு பெரிது, எனக்கு அது பழகவில்லை. லா ஷப்பேலில் நம்மவர் தையற்கடைகளில் சொல்லி வைத்து ரவிக்கை வெட்டை வாங்கி வருகிறேன். இப்போதெல்லாம் பட்டு அதிகம் வருகிறது. பட்டுத் துண்டின் ஓரம் தொட்டாலே பிரிவதால், வெட்டுவதற்கு முன்பே பின்புறம் மெல்லிய ஒட்டு கேன்வாஸ் வைத்துத் தேய்த்துவிட வேண்டும். ஜரிகை இருந்தால் மேலே ஈரமற்ற பருத்தித் துணியைப் போட்டு, இஸ்திரிப்பெட்டியைக் குறைந்த சூட்டில் வைத்து, இழுக்காமல் எடுத்தெடுத்து வைக்க வேண்டும். இன்றைய மலிவு ஜரிகையில் பாலியெஸ்டர் கலந்திருப்பதால் சூடு கூடினால் சுருண்டுவிடும்.

ஊசிக்கு அகப்படாத பொடித் துணிக்கும் நம் ஊரில் வழி இருந்தது. அரவிந்தர் ஆசிரமத்துக் கைக்காகிதத் தொழிற்கூடத்தில் பருத்திக் கந்தலை அரைத்துத் தாள் செய்வதை டீச்சர் எங்களை அழைத்துப்போய்க் காட்டினார். 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பிறகு ஆரோவில்லின் உபாசனா நிறுவனம், கரையோரப் பெண்களுக்குத் துண்டுத் துணியில் சுனாமிக்கா என்னும் சிறு பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்து, அதை விற்காமல் அன்பளிப்பாகவே உலகெங்கும் அனுப்பியது. விரல்கடை நீளத் துணியில் ஒரு முகமும் பாவாடையும் வந்துவிடுகின்றன. விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது ஒன்றை அன்பளிப்பாகப் பெற்று வந்து தையல்பெட்டியில் வைத்திருக்கிறேன்.

சங்கத்தின் ஆண்டுவிழா மேடைக்கு ஒரு சுவர்த்திரை செய்து தருவதாகச் செயலாளரிடம் ஒப்புக்கொண்டிருக்கிறேன். இரண்டு மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் உயரம், பின்புறம் கம்பு நுழைய நான்கு அங்குலக் குழல். துணி உங்களிடமிருந்து வர வேண்டும். அம்மாவின் புடவையிலிருந்தோ, பிள்ளையின் பட்டுப்பாவாடையிலிருந்தோ, பள்ளிச் சீருடை எவரிடமாவது இன்னும் இருந்தால் அதிலிருந்தோ உள்ளங்கை அளவு வெட்டி அனுப்பினால் போதும். பருத்தியானால் துவைத்து, ஈரமாக இருக்கும்போதே வெள்ளைத் துணிமேல் ஓர் இரவு போட்டுச் சாயம் இறங்குகிறதா என்று பார்த்து அனுப்புங்கள். இறங்கினாலும் அனுப்பலாம், ஆனால் தனி உறையில். பட்டைத் துவைக்க வேண்டாம். பனியன் துணி வேண்டாம், நைலான் வேண்டாம். வெளிறிய நிறங்களை யோசித்துத் தேடிப்பாருங்கள். எல்லோரும் நல்லதாக அனுப்புவோம் என்று அடர்த்தியான நிறத்தையே அனுப்புவது வழக்கமாதலால் என்னிடம் கறுப்புக் குவியல் இப்போதே நிறைந்து கிடக்கிறது.