நீடாமங்கலம் முதல் திருவாரூர் வரை, கொப்புளங்களோடு

வேளாங்கண்ணிக்கு நடந்து போனவர்களிடம் எந்த நாள் கஷ்டம் என்று கேட்டால் பெரும்பாலும் முதல் நாளைச் சொல்ல மாட்டார்கள். தஞ்சாவூரில் கிளம்பும்போது இருக்கும் வேகம் சாலியமங்கலம், அம்மாபேட்டை எல்லாம் தாண்ட வைத்துவிடும். ராத்திரி நீடாமங்கலத்தில் படுத்து எழுந்து காலைத் தரையில் ஊன்றும்போதுதான் தெரியும். ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்கோ செப்டம்பர் 8 திருவிழாவுக்கோ இந்தச் சாலையில் நடக்கப்போகிறவர்கள் காவித்துணி, பை, டார்ச் எல்லாம் தயார் செய்கிறார்கள், பாதத்தை மட்டும் யாரும் நினைப்பதில்லை. அதனால்தான் அந்த இரண்டாவது நாளைப் பற்றி எழுதுகிறேன்.

விடியற்காலை மூன்று மணிக்கே கிளம்பினோம். பத்து மணிக்கு மேல் தார் கொதிக்கும், அதற்குள் கொரடாச்சேரியைத் தாண்டிவிட வேண்டும் என்பது கணக்கு. நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருந்தது. மற்ற நாளாக இருந்தால் அங்கே நிற்பவர்களுக்கு எரிச்சல்தான் வரும், அன்றைக்கு எல்லோரும் அப்படியே சாலையோரம் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக் காலைப் பிடித்துக்கொண்டார்கள். லால்குடிப் பக்கத்துக் கொத்தனார் ஒருவர், அவர் மனைவி, சப்பரம் இழுத்து வந்த கல்லூரிப் பையன்கள், திருக்காட்டுப்பள்ளியிலிருந்து வெறுங்காலில் வந்த ஒரு வயசான அம்மா, அப்புறம் நான். எல்லோரும் வழியில் ஒன்றாகச் சேர்ந்தவர்கள். சப்பரத்துக்குப் பின்னால் சிவப்பு விளக்கு, பைகளில் ஒளிரும் ஸ்டிக்கர். இதை விட்டுவிடாதீர்கள், இருட்டில் லாரிக்காரர் கண்ணுக்குக் காவி தெரியாது. தனியாக நடந்தால் சாலையின் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நடங்கள்.

எனக்கு இடது குதிகாலில் கொப்புளம். வியர்வையில் ஊறிய தோல் சாக்ஸோடு உரசி உரசி, மேல்தோல் பிரிந்து நடுவில் நீர் கோத்துக்கொள்கிறது. அந்தப் புண்ணுக்கு மேல்தோல்தான் கட்டு, அதைப் பிய்த்துவிடக் கூடாது. சின்னதாக இருந்தால் மேலே பிளாஸ்டர் ஒட்டினால் போதும். அடியெடுத்து வைக்கவே முடியவில்லை என்றால் மட்டும் சுத்தமான ஊசியால் ஓரத்தில் குத்தி, நீரை வடித்து, தோலை அப்படியே படிய விட்டு மூட வேண்டும். இதையெல்லாம்விட நல்லது, தோல் சிவந்து எரிய ஆரம்பித்த உடனேயே நின்று ஒட்டிவிடுவது. ஆனால் கூட வருகிறவர்கள் முன்னால் போய்விடுவார்களே என்று யாரும் நிற்பதில்லை. எங்கள் கூட்டத்தில் கொத்தனார் அந்தப் பேச்சுக்கே இடம் கொடுக்கவில்லை. "அண்ணே, எரியுது" என்று யார் சொன்னாலும் சப்பரம் நின்றுவிடும்.

திருக்காட்டுப்பள்ளி அம்மா மட்டும் எதுவுமே சொல்லவில்லை. அவருக்குப் பல வருஷமாகச் சர்க்கரை. "எனக்கு ஒண்ணும் வலிக்கலப்பா" என்று அவர் சொன்னதும் பையன்கள் ஆச்சரியப்பட்டார்கள், கொத்தனாருக்கு முகம் மாறிவிட்டது. அவருடைய அப்பாவுக்கும் இப்படித்தான் பாதம் மரத்துப்போய், ஏதோ குத்தியது தெரியாமலே புண் புரையோடி, கடைசியில் கால் விரலை எடுக்க வேண்டி வந்ததாம். அதனால் நிற்கிற இடத்திலெல்லாம் செல்போன் டார்ச்சை அடித்து, "பாதத்தைக் காட்டுங்கம்மா" என்று குனிந்துவிடுவார். கொரடாச்சேரிக்கு முன்னால் ஒரு டீக்கடை வாசலில் அப்படிப் பார்த்தபோது கருவேல முள் ஒன்று உள்ளேயே முறிந்து கிடந்தது. எடுத்துக் காட்டிய பிறகும் அந்த அம்மாவால் நம்ப முடியவில்லை.

செருப்பு போட மட்டும் மறுத்தார். வெறுங்காலில் வருவதாக நேர்ந்துகொண்டாராம். "மாதா கோவிச்சுக்காதா?" என்று கேட்டார். கொத்தனார் மனைவி தன் பையிலிருந்த ரப்பர் செருப்பை எடுத்துவைத்து, "அவங்களும் பிள்ளை பெத்தவங்கதானேம்மா, எதுக்குக் கோவிச்சுக்கப் போறாங்க" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அந்த அம்மா பேசாமல் போட்டுக்கொண்டார். நேர்ச்சையை நான் மதிக்கிறேன், எங்கள் வீட்டிலும் வெறுங்காலில் நடந்தவர்கள் உண்டு. ஆனால் சர்க்கரை உள்ளவர்கள் தயவுசெய்து வேண்டாம்.

கொரடாச்சேரிக்கு அப்புறம் சாலையின் பாதியில் குறுவை நெல் காய்ந்துகொண்டிருந்தது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் கொள்முதல் நிலையத்தில் எடுப்பது கஷ்டம், பாவம் அவர்களும் எங்கே கொண்டுபோய்க் காயவைப்பார்கள்? நெல்லை மிதிக்காமல் சுற்றிப் போனால் வண்டிகள் போகும் பக்கம் இறங்க வேண்டும், நிழலும் கிடையாது. நடப்பவர்கள் இத்தனை பேர் வருஷா வருஷம் போகிற சாலையில் ஓரத்தில் இரண்டடி மண் பாதையும் வரிசையாகப் புங்கமரமும் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

குளிக்கரைப் பக்கம் ஒரு வீட்டு வாசலில் தொப்பி போட்ட பெரியவர் ஒருவர் பந்தல் போட்டு எல்லோருக்கும் மோர் கொடுத்தார். பெரிய பேசினில் வெந்நீரும் கல்லுப்பும் கலந்து, "காலை விடுங்க தம்பி" என்றார். சாயங்காலமாக இருந்திருந்தால் விட்டிருப்பேன். நடுவழியில் ஊறவைத்தால் தோல் இன்னும் மெத்தென்று ஆகிச் சீக்கிரம் உரிந்துவிடும். விஷயத்தைச் சொன்னதும் அவர் கோபப்படவில்லை, உள்ளே போய் இரண்டு நாற்காலி கொண்டுவந்தார், உட்கார ஒன்று, காலைத் தூக்கி வைக்க ஒன்று. நடக்கிறவர்களுக்குப் பந்தல் போடுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் அந்த இரண்டாவது நாற்காலியை மறக்காதீர்கள்.

வெயில் இறங்கித் திருவாரூர் வந்து சேரும்போது ஆறு மணி ஆகியிருந்தது. கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி என்று பழைய நில அளவில் சொல்வார்கள், அந்தக் கமலாலயக் குளத்தின் ஒரு கரையைக் கடக்கவே எனக்கு வெகுநேரம் ஆனது. மறுநாள் கீழ்வேளூர், சிக்கல் வழியாக நாகப்பட்டினம், சுமார் 24 கிலோமீட்டர். அந்த அம்மாவின் பாதத்தில் முள் குத்திய இடத்தைச் சுத்தம் செய்து மருந்து போட்டோம், வீக்கம் இல்லை. அவர் பையைப் பையன்கள் சப்பரத்திலேயே கட்டிவிட்டார்கள்.