மற்றவருக்கு எழுதிய வசனத்தை மனப்பாடம் செய்யாதீர்கள்

சபையின் திருமண ஆயத்த வகுப்பில் பைபிளின் எபேசியர் நிருபம் 5-ஆம் அதிகாரத்தைத் திறந்தால், வாசிப்பு பெரும்பாலும் 22-ஆம் வசனத்தில்தான் தொடங்கும்: "மனைவிகளே... உங்கள் சொந்தப் புருஷருக்குக் கீழ்ப்படியுங்கள்." தவறு அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது. ஒரு வசனம் முன்னால் போங்கள். 21-இல் "ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்" என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லப்பட்டிருக்கிறது. மிகப் பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகள் சிலவற்றில் 22-ஆம் வசனத்துக்கென்று தனி வினைச்சொல்லே கிடையாது. முந்தைய வசனத்தின் "கீழ்ப்படிதல்"தான் இதற்கும் வினை. இரண்டையும் பிரித்தால் 22 அந்தரத்தில் தொங்கும்.

அடுத்து, யாரை விளித்து எழுதியிருக்கிறது என்று கவனியுங்கள். 22 முதல் 24 வரை மனைவியிடம் பேச்சு. 25-இலிருந்து கணவனிடம். கிறிஸ்து தம்மையே ஒப்புக்கொடுத்ததுபோல அன்புகூர வேண்டும் என்பது அவனுக்குரிய கட்டளை. "மனைவியைக் கீழ்ப்படிய வை" என்று கணவனுக்கு ஒரு வரிகூட இல்லை. "அன்பை அவனிடமிருந்து கறந்து வாங்கு" என்று மனைவிக்கும் இல்லை. ஆனால் வீட்டில் நடப்பது என்ன? அவன் அவளுடைய வசனத்தையும், அவள் அவனுடைய வசனத்தையும் கையில் வைத்துக்கொண்டு வாதாடுகிறார்கள்.

"ஏற்ற துணை" (ஆதியாகமம் 2:18) என்ற சொல்லும் இப்படித்தான் தேய்ந்துபோனது. துணை என்றதும் எடுபிடி வேலைக்கு நிற்பவள் என்று கேட்கப் பழகிவிட்டோம். எபிரெயத்தில் அது "ஏஸெர்". பழைய ஏற்பாட்டில் 21 இடங்களில் வருகிறது, பெரும்பாலும் கடவுள் செய்யும் உதவியைக் குறிக்க. "கர்த்தரிடத்திலிருந்து எனக்கு ஒத்தாசை வரும்" என்ற 121-ஆம் சங்கீதத்தின் ஒத்தாசையும் இதே சொல்தான். கூடவே வரும் "கெநெக்தோ"வுக்கு அவனுக்கு எதிரே, அவனுக்கு நிகராக என்று பொருள். முகத்துக்கு முகம் நிற்க முடிந்தவளே துணை. ஆணும் பெண்ணும் ஒருவரையொருவர் நிறைவாக்குகிறார்கள் என்று சமயம் சொல்வதை நான் இந்தச் சொல்லிலிருந்தே புரிந்துகொள்கிறேன். இரண்டு அரை மனிதர்களை ஒட்டவைக்கும் கணக்கு அல்ல அது.

குர்ஆன் 2:187 இதையே ஆடை என்ற உவமையில் சொல்கிறது: அவர்கள் (மனைவியர்) உங்களுக்கு ஆடை, நீங்கள் அவர்களுக்கு ஆடை. இரு பக்கமும் ஒரே சொல். இந்துத் திருமணத்தில் மணமக்கள் ஏழு அடி எடுத்துவைக்கும் சப்தபதியிலும் ஏழாவது அடி தோழமைக்கானது.

நடைமுறைக்கு வருவோம். 1 கொரிந்தியர் 7:3-5-ஐ இருவரும் சேர்ந்து வாசியுங்கள். கணவனின் உடல்மேல் மனைவிக்கு அதிகாரம், மனைவியின் உடல்மேல் கணவனுக்கு அதிகாரம் என்று இரண்டையும் சமமாக வைத்துவிட்டு, பிரிந்திருப்பதென்றால் இருவரும் சம்மதித்தே பிரிந்திருங்கள் என்கிறார் அந்த நிருபத்தை எழுதிய பவுல். அந்தச் "சம்மதத்தை" மூன்று விஷயங்களில் சோதித்துப் பாருங்கள்: வருமானம் யார் கையில், பெற்றோரின் முதுமையை யார் பார்ப்பது, குழந்தை எப்போது. ஒவ்வொருவரும் தனித்தனியாக எழுத வேண்டும், அதுவும் "நான் செய்வேன்" என்று முடியும் வாக்கியங்களை மட்டும். "நீ செய்ய வேண்டும்" என்று ஒன்று வந்தாலும் அடித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். பிறகு தாள்களை மாற்றிக்கொள்ளுங்கள். இருவருமே எழுதாமல் விட்ட இடத்தில்தான் பின்னால் சண்டை வரும், அதை அன்றைக்கே பேசிவிடுங்கள்.

ஆலோசனை தரும் போதகர்களுக்கும் பெரியவர்களுக்கும் ஒன்று. அடிபட்ட பெண் வந்து நின்றால் 22-ஆம் வசனத்தை எடுக்காதீர்கள். கணவனையும் மனைவியையும் ஒரே அறையில் உட்காரவைத்துச் சமரசம் பேசவும் வேண்டாம். அவன் முன்னால் அவள் உண்மையைச் சொல்ல மாட்டாள், சொன்னால் வீடு திரும்பியபின் அதற்கும் அடி விழும். தனியாகக் கேளுங்கள். இன்றிரவு அவள் எங்கே பாதுகாப்பாகத் தூங்குவாள் என்பதை முதலில் கேளுங்கள்.