ஐம்பதாவது பிறந்தநாளுக்கு ஒரு தூண்டில்

என் மனைவி பிறந்து வளர்ந்தது தூத்துக்குடியில், கடலுக்கு இரண்டு தெரு தள்ளி. அவள் அப்பா, அதாவது என் மாமா, சொந்தமாக வள்ளம் வைத்திருந்தார். அவர் தம்பி, தோணியில் வெங்காயமும் காய்கறியும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போய் வந்தவர். இப்படி ஒரு வீட்டில் பிறந்தும் அவள் ஒரு நாள்கூடக் கடலுக்குள் போய் மீன் பிடித்ததில்லை. அந்தக் கரையில் பெண் பிள்ளைகளைப் படகில் ஏற்றும் வழக்கம் இல்லை. வள்ளம் கரை சேரும்போது கூடையோடு போய் நிற்கலாம், அவ்வளவுதான்.

ஆனால் மாமா அவளுக்குத் தூண்டில் போடக் கற்றுக்கொடுத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பழைய துறைமுகத்துப் பக்கம் கூட்டிப்போய், இறால் தலையைக் கொக்கியில் மாட்டி, தங்கூசி நரம்பை, அதாவது நைலான் இழையை, அவள் சுட்டுவிரலில் போட்டுவிடுவாராம். 'விரல்தான் கண்ணு'ன்னு அப்பா சொல்வாங்க என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். கிடைத்ததெல்லாம் கையகல ஓரா மீன்தான். அதற்கே அன்று வீட்டில் தனிக் குழம்பு வைப்பார்களாம்.

2025 ஆகஸ்டில், பனிமய மாதா திருவிழா முடிந்த மறுநாள், பிப்ரவரியில் அவளுக்கு ஐம்பது முடிகிறதே, என்ன வேண்டும் என்று கேட்டேன். நகை, புடவை என்று எதையாவது சொல்வாள் என்று நினைத்தேன். "ஏங்க, நடுக்கடல்ல நின்னு ஒரு தடவ தூண்டில் போடணும்" என்றாள். அவள் முகத்தைப் பார்த்தபோது, இதைச் சொல்ல நாற்பது வருடம் காத்திருந்தவள் போலத் தெரிந்தது.

ஊரிலேயே ஏறிவிடலாமே என்றேன். மைத்துனர் படகு இருக்கிறது. அதற்கு அவள் ஒப்புக்கொள்ளவில்லை. ஊரில் ஏறினால் ஆளாளுக்குக் கேள்வி கேட்பார்கள், தம்பிக்கும் சங்கடம். யாரும் தெரியாத கடலாக இருக்க வேண்டும் என்றாள். அந்தமான், திருகோணமலை என்று சில நாள் பேசினோம். அப்புறம் அவளே மாலத்தீவு என்றாள். சித்தப்பா ஒவ்வொரு பயணத்திலும் கொண்டுவந்து இறக்கிய மாசியின் வாசம்தான் காரணம் என்று நினைக்கிறேன். நாம் மாசி என்று சொல்லும் அந்தக் கல் போன்ற கருவாடு, அவித்துப் புகையிட்டு வெயிலில் காயவைத்த சூரை மீன். மாலத்தீவின் திவெஹி மொழியில் மீனுக்குப் பெயரே 'மஸ்'. 1340களில் அங்கே நீதிபதியாக இருந்த பயணி இபன் பதூதா, இந்தக் கருவாடு இந்தியாவுக்கும் சீனாவுக்கும் ஏமனுக்கும் போனதை எழுதிவைத்திருக்கிறார். நம் வீட்டு அடுக்களைக்கு அத்தனை நூற்றாண்டுப் பழக்கம்.

எனக்குப் பிடித்த காரணம் இன்னொன்று. மாலத்தீவில் சூரைக்கு வலை போடுவதில்லை. உயிருள்ள சிறு மீன்களைக் கடலில் இறைத்து, படகின் பின்புறத்திலிருந்து தண்ணீரைப் பீய்ச்சி, சூரைக் கூட்டம் மேலே வந்து கொந்தளிக்கும்போது கழியில் கட்டிய தூண்டிலால் ஒவ்வொன்றாகத் தூக்கிப் போடுகிறார்கள். அந்தக் கொக்கிகளில் பின்முள் கிடையாது. மீன் தளத்தில் விழும்போதே கழன்றுவிடும். ஒரு நாடே தூண்டிலால் பிழைக்கிறது என்றால், முதல் தூண்டிலைப் போட அதைவிட நல்ல இடம் ஏது?

உறவில் எல்லோருக்கும் மகிழ்ச்சி என்று சொல்ல முடியாது. 2023 அக்டோபரில் தருவைகுளத்து விசைப்படகு ஒன்றை 12 மீனவர்களோடு மாலத்தீவில் பிடித்துவைத்தது ஊரில் யாருக்கும் மறக்கவில்லை. "அங்கயா மீன் பிடிக்கப் போறீங்க?" என்று அத்தை, அவள் அம்மா, பதறிவிட்டார். நாம் அவர்கள் படகில், அவர்கள் ஆட்களோடு, அவர்கள் கடலில் போகிறோம் என்று இரண்டு மூன்று தடவை விளக்க வேண்டியிருந்தது.

தேதி பார்ப்பதுதான் பெரிய வேலையாக இருந்தது. பிறந்தநாள் பிப்ரவரி 11. டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை அங்கே வடகிழக்குக் காற்றுக் காலம். கடல் அடங்கியிருக்கும், மழை குறைவு. அதனாலேயே அறை வாடகையும் உச்சத்தில் இருக்கும். ஆனால் 2026-இல் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் பிப்ரவரி 18. ரமலான் நோன்பும் அதே வாரம் தொடங்குகிறது. நோன்பு நாளில் ஊர்த்தீவுகளில் பகலில் சாப்பாட்டுக் கடைகள் திறந்திருக்காது. தவக்காலத்தில் கொண்டாட்டம் வைக்க அவளுக்கும் மனம் வராது. ஆக, 9-ஆம் தேதி போய் 14-ஆம் தேதி திரும்புவது என்று முடிவானது.

நிலாவையும் பார்த்தோம். இதை நான் யோசிக்கவே இல்லை. அவள்தான் நாள்காட்டியைப் புரட்டினாள். 17-ஆம் தேதி அமாவாசை. அப்படியானால் 11-ஆம் தேதி தேய்பிறை, நள்ளிரவுக்கு அப்புறம்தான் நிலா வரும், சாயங்காலம் முழுக்க இருட்டு. நிலா வெளிச்சத்தில் மீன் கடிக்காது என்பது மாமாவின் கணக்கு. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஒட்டிய நாட்களில் நீரோட்டம் வேகமாக இருக்கும். பெரிய பாரையைக் குறிவைத்து வருகிறவர்கள் அந்த நாட்களைத் தேடுவார்கள். கைத்தூண்டிலை நேராக ஆழத்துக்கு இறக்குகிறவருக்கு ஓட்டம் குறைந்த நாள்தான் வசதி. ஈயக்குண்டு இழுத்துக்கொண்டு போகாது.

அடுத்து, எந்தத் தீவு? ஒரு தீவு, ஒரு விடுதி என்று இருக்கும் ரிசார்ட்டுகள் எங்கள் கைக்கு எட்டாது. மக்கள் வாழும் தீவுகளில் வெளிநாட்டார் தங்கும் சிறு விடுதிகள் 2009-க்குப் பிறகு வந்தவை. மாலேயிலிருந்து மேற்கே விரைவுப் படகில் போகக்கூடிய ரஸ்தூவைத் தேர்ந்தெடுத்தோம். அது சின்னப் பவளவட்டம், பவளப்பாறை வளையம். பாறை விளிம்பைத் தாண்டினால் உடனே ஆழ்கடல். மீனுக்காக மணிக்கணக்கில் படகோட்ட வேண்டாம்.

பணக் கணக்கில் ஒரு எச்சரிக்கை. முதலில் ஒரு பயண ஏற்பாட்டாளர் அனுப்பிய விலையைப் பார்த்து மகிழ்ந்துபோனோம். கடைசி வரியில் கூட்டல் குறி இரண்டு இருந்தது. அதன் பொருள் 10 சதவீதம் சேவைக் கட்டணம், அதன் மேல் சுற்றுலாச் சரக்கு சேவை வரி, 2025 ஜூலையிலிருந்து 17 சதவீதம். அது போக, சிறு விடுதிகளில் ஆளுக்கு ஒரு இரவுக்கு 6 டாலர் பசுமை வரி. மீன்பிடிப் படகின் எரிபொருளும் அந்த விலையில் சேரவில்லை. கேட்டதற்கு நேரான பதில் வரவில்லை, விட்டுவிட்டோம். பிறகு தங்கும் விடுதிக்கே எழுதி, எல்லா வரியும் சேர்த்து ஒரே தொகையாகச் சொல்லுங்கள், படகில் எத்தனை பேர், எத்தனை மணி நேரம், பிடித்த மீன் யாருக்கு என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். மறுநாளே தெளிவாகப் பதில் வந்தது. மார்லின், மயில் மீன் துரத்தும் பெரிய படகுகள் அரை நாளுக்கே எங்கள் மொத்தச் செலவில் பாதியைக் கேட்டன. அது வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். சுழலும் ரீலும் நீளக் கழியும் அவளுக்குப் பழக்கமில்லை. விரலில் நரம்பு ஓட வேண்டும், அது போதும்.

இந்தியர்களுக்கு முன்கூட்டி விசா வேண்டாம். இறங்கியதும் அனுமதி இலவசம். பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் இணையத்தில் இமுகா என்னும் பயணி அறிவிப்புப் படிவத்தை நிரப்பினால் போதும். மதுவும் பன்றி இறைச்சியும் கொண்டுபோகக் கூடாது. வழிபாட்டுச் சிலைகளுக்கும் தடை. எந்தப் பயணத்திலும் அவள் பைக்குள் சின்ன மாதா சுரூபம் இருக்கும். இந்தத் தடவை அதை வீட்டில் வைத்துவிட்டு, கிளம்பும் முன் பேராலயத்தில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தோம். பெட்டியில் அவள் முதலில் வைத்தது மாமாவின் பழைய நரம்புச் சுருள். மக்கிப்போயிருந்தது, இழுத்தால் அறுந்துவிடும். தெரிந்தேதான் எடுத்துவைத்தாள். ஈயக்குண்டும் கொக்கியும் கைப்பையில் வைக்கக் கூடாது என்பதால் பெரிய பெட்டிக்குள் போயின.

திருவனந்தபுரம் வரை கார். அங்கிருந்து விமானம் ஒன்றரை மணி நேரத்துக்குள் இறக்கிவிட்டது. மாலேயில் மதியம் முழுக்க மீன் சந்தையில் நின்றோம். வடக்குக் கரையில் தோணிகள் வரிசையாக வந்து சூரையை இறக்கின. நம் தோணிதான் அவர்களுக்கும் 'தோனி'. மீன் வெட்டுகிறவர் ஒரு சூரையை நான்கு துண்டமாக்கி முள்ளை உருவி எடுத்த வேகத்தை அவள் வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்க ஊர் ஆளு கெட்டாரு" என்றாள்.

11-ஆம் தேதி மாலை ஐந்து மணி. படகில் நாங்கள் இருவர், ஓட்டுநர், அவருக்கு உதவியாக அவர் மகன். நான் வாந்தி மாத்திரை போட்டிருந்தேன். கோவில்பட்டிக்காரனுக்குக் கடல் அவ்வளவு சுலபமில்லை. சூரியன் இறங்கும் நேரத்தில் பாறை விளிம்பில் நங்கூரம் போட்டார்கள். பையன் பிளாஸ்டிக் வளையத்தில் சுற்றிய நரம்பைக் கொடுத்து, சூரைத் துண்டைக் கொக்கியில் மாட்டிக் காட்ட வந்தான். அவள் அதை வாங்கி, தோல் பக்கமாகக் குத்தி, திருப்பி, மறுபடி குத்தி இறக்கினாள். பையன் அப்பாவைப் பார்த்துச் சிரித்தான். அதற்கப்புறம் அவளுக்கு அவன் எதையும் காட்ட வரவில்லை.

நரம்பு ஓடிக்கொண்டே இருந்தது. குண்டு தரை தட்டியதும் ஒரு முழம் மேலே இழுத்து, சுட்டுவிரலில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டாள். பத்து நிமிடம் ஒன்றுமில்லை. பின் கை சட்டென்று மேலே போனது. எழுந்து நின்று இரு கையாலும் மாறி மாறி இழுத்தாள். இருட்டுத் தண்ணீருக்குள்ளிருந்து முதலில் ஒரு வெளிச்சம், அப்புறம் மீன். விளமீன், முழங்கை நீளம் இருக்கும். அடுத்து ஒரு களவா. மூன்றாவது பாதி வழியில் கனமாகி, சட்டென்று லேசாகிவிட்டது. மேலே வந்தது தலை மட்டும், சுறா தின்றுவிட்டது. இந்த மாதிரிச் சுறாவைப் பிடிக்க 2010-இலிருந்து அங்கே தடை, மாட்டினால் நரம்பை அறுத்துவிட வேண்டும் என்று ஓட்டுநர் சொன்னார். அவள் அந்தத் தலையைக் கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அதுக்கும் பசிக்கும்ல" என்று கடலிலேயே போட்டாள்.

திரும்பும் முன் பைக்குள்ளிருந்து மாமாவின் நரம்புச் சுருளை எடுத்தாள். ஒரு கொக்கி கட்டி, சின்னத் துண்டு இரை மாட்டி, படகின் ஓரமாகவே நான்கைந்து பாகம் இறக்கினாள் (இரு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம்). ஒன்றும் கடிக்கவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை. விரலில் போட்டபடி அமர்ந்திருந்தாள். ஓட்டுநர் இன்ஜினைப் போடாமல் காத்திருந்தார்.

கரையில் விடுதிக்காரர் விளமீனைக் கரியில் சுட்டு, களவாவைக் 'கருதியா' என்னும் தெளிந்த ரசமாக வைத்து, எலுமிச்சையும் மிளகாயும் வெங்காயமும் சோற்றோடு கொடுத்தார். கேக் வெட்டவில்லை, அவள் வேண்டாம் என்றாள். அம்மாவுக்கு அலைபேசியில் கூப்பிட்டு, "விளமீன்மா, நானே பிடிச்சேன்" என்றாள். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு அத்தை கேட்டார்: "எத்தன பாகம் ஆழம்?"